சின்னமேட்டுக்கு வாய்த்த ஒரே தேதி

பூர்ணிமா தன் முதல் குழந்தையைப் பத்தொன்பது மாதம் சுமந்தாள். சின்னமேட்டில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில், கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அந்த ஊரில், சொல்லிக்கொள்ளும்படியான எதுவும் ஆகஸ்ட் இருபத்துமூன்றாம் தேதி மட்டுமே நடக்கும். ஏரி உடைந்தது ஒரு ஆகஸ்ட் இருபத்துமூன்று. கரண்ட் வந்தது இன்னொன்று. அதிகாரிகள் வந்து நெல் வயலை அளந்ததும், அதே வயலில் கம்பெனிக்குப் பூமி பூஜை போட்டதும் வேறு வேறு வருஷம், அதே தேதி. கல்யாணம், பிறப்பு, சாவு, அடிதடி எல்லாம் அன்றைக்கே. பேப்பரில் ‘வரலாற்றில் இன்று’ என்று தினமும் ஒரு பத்தி போடுகிறார்களே, இந்த ஊருக்கு வருஷத்துக்கு ஒரு பத்தி போதும். மற்ற நாளெல்லாம் ஷிப்ட்டுக்குப் போவது, வருவது, தூங்குவது. நல்ல வேளை, அதற்குள் ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிடுகிறது. இல்லாவிட்டால் அங்கே ஒருத்தருக்கும் கல்யாணமே ஆகியிருக்காது.

ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எல்லா ஊரிலும் உண்டு. சின்னமேட்டில் மார்கழி பிறந்ததும் அனுப்பி, சித்திரை கழிந்துதான் கூப்பிடுவார்கள். கார்த்திகைக்குள் உண்டான பிள்ளை ஆகஸ்டுக்குத் தயாராகிவிடும். தையில் உண்டானது அன்றைக்குக் குறைமாதமாய் நிற்கும். பிறகு அடுத்த ஆகஸ்ட்வரை வயிற்றிலேயே குந்திக்கொள்ளும். சுங்குவார்சத்திரத்திலிருந்து வந்த மருமகள் பூர்ணிமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்கே தெரியும்? தெரிந்த மாமியார் காமாட்சியம்மாள்தான் கோட்டை விட்டாள். மகன் விமல்ராஜுக்கு ஒரகடத்தில் நைட் ஷிப்ட், மருமகளுக்கு வல்லம் வடகாலில் சார்ஜர் செய்யும் கம்பெனியில் பகல் ஷிப்ட். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதே இல்லை, இதுகளை எதற்குப் பிரிப்பது என்று விட்டுவிட்டாள். பொங்கலுக்கு இரண்டு கம்பெனியும் ஒன்றாக லீவு விட்டன. அவ்வளவுதான்.

எட்டாம் மாதத்தில் முதல் ஆகஸ்ட் வந்து போனது. அக்டோபரில் டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். அன்று அவர் கார் ஒரகடம் கூட்ரோட்டிலேயே நின்றுவிட்டது. இன்னொரு நாள் குறித்தார்; ஆஸ்பத்திரிக்கே கரண்ட் போனது. குழந்தை நன்றாக இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பொறுமையாம்! சொல்கிறவர்களுக்கு என்ன, சுமக்கிறவளுக்கல்லவா தெரியும். பிரசவ லீவு முடிந்தது. கம்பெனியில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், பிறந்தால்தானே சான்றிதழ்? மறுபடி லைனில் உட்காரச் சொன்னார்கள். வயிறு இடிக்கிறதென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினால் சார்ஜர் ஓடிவரும் பெல்ட்டுக்குக் கை எட்டவில்லை. கை எட்டும்படி உட்கார்ந்தால் உள்ளே இருப்பது உதைத்தது.

“உங்க ஊரு நாளுக்கு ஒரு பெரிய கும்புடு அத்தே,” என்று ஒரு சாயங்காலம் பையை வீசி எறிந்தாள் பூர்ணிமா. “முதுவு வுட்டுப்போச்சு. இந்தக் கண்றாவிய நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?”

“இன்னாடி பண்றது?” என்றாள் காமாட்சியம்மாள். “உங்க மாமனாருக்கு உசுரு போவறதுக்கே ஆவணி வரிக்கும் இழுத்துக்கினு கெடந்துச்சு. உனுக்காவது புள்ள வருது.”

இரண்டாவது ஆகஸ்ட் இருபத்துமூன்று விடியும்போதே வலி கண்டது. ஊரே கல்யாணத்திலும் சாவிலும் ஓடிக்கொண்டிருந்ததால் கார் கிடைக்க மத்தியானம் ஆயிற்று. புதுக் கம்பெனித் திறப்பு விழாவுக்காக ரோட்டை மறித்திருந்தார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பொழுது சாய்ந்தது. பிரசவ அறையில் படுக்கும்போது ராத்திரி ஆகிவிட்டது. பன்னிரண்டு மணி அடித்தது. குழந்தை வரவில்லை, வலியும் அடங்கத் தொடங்கியது. விமல்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். “போச்சு. இனிமே அடுத்த வருசந்தான்.”

பூர்ணிமாவுக்கு வந்ததே கோபம்! கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். “யோவ், எவன்யா சொன்னது? எங்க லைன்ல காலைல ஆறு மணிக்குத்தான் தேதி மாறும். நைட் ஷிப்ட்ல செஞ்ச சார்ஜருக்கெல்லாம் முந்தின நாள் தேதிதான் போடுறாங்க. எனுக்கு இன்னும் இருபத்திமூணு முடியல!”

நாள் அதைக் கேட்டிருக்க வேண்டும். வலி திரும்பி வந்தது. விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது, தலை நிறைய முடியோடும் இரண்டு பல்லோடும். ஆஸ்பத்திரிக்கு இந்த ஷிப்ட் கணக்கெல்லாம் தெரியாதே. இருபத்துநாலு என்று எழுதிவிட்டார்கள். அதனால் ஊரின் தேதிக்கு அந்தக் குழந்தையின் மேல் பிடி இல்லாமல் போயிற்று. ஏதோ ஒரு புதன்கிழமை குப்புற விழுந்தது. தீபாவளிக்கு முன்னே அம்மா என்றது. காமாட்சியம்மாள் பயந்து சுற்றிப் போட்டாள், பிறகு பழகிவிட்டாள்.

சின்னமேட்டுப் பிள்ளைகளெல்லாம் முதல் அடி வைப்பது ஆகஸ்ட் இருபத்துமூன்றில்தான். தாய்மார்கள் சொல்லிவைத்து லீவு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். பூர்ணிமாவின் மகள் ஒரு சாதாரண வேலை நாளில், பாட்டி சோறு வடித்துக்கொண்டிருக்கையில், தானாக எழுந்து நடந்துவிட்டது. அந்த நேரத்தில் பூர்ணிமா லைனில் இருந்தாள். கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி வாசலுக்கு வந்தபோது, ரொம்ப நாளாய் நடக்கிறவள் மாதிரி மகள் எதிரே வந்தாள். பூர்ணிமா பையோடு படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“உனுக்காவ ஒன்ற வருசத்துக்கு மேல காத்துக்கினு இருந்தேனேடி. நீ எனுக்காவ சாயங்காலம் வரிக்கும் இருக்கக் கூடாதா?”

குழந்தை சிரித்துக்கொண்டே இன்னும் நாலடி நடந்தது. அன்றைக்கு என்ன தேதி என்று ஊரில் யாரும் பார்த்து வைக்கவில்லை.