சொன்னது சொன்னபடி

இருபத்தியோரு வருஷமா கோர்ட்டுல டைப்பிஸ்ட் வேலை பாக்கறேன். கூண்டுல நிக்கிறவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே டைப் பண்ணணும். "தள்ளினார்"னு சொன்னா தள்ளினார், "இடிச்சார்"னு சொன்னா இடிச்சார். பாவப்பட்டு நாம ஒரு வார்த்தையை மாத்திப் போட்டா வேலை போயிடும். இந்த ஒரு விஷயத்துல என்னை யாரும் குறை சொன்னதில்ல.

கூடவே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கிச்சு. யாராவது எதிர்ல உக்காந்து பேசினா, என் விரல் பத்தும் மடியில தானா ஓடும். அவங்க பேசறதை டைப் பண்ணிக்கிட்டே இருக்கும். எனக்குப் புருஷனா இருந்த மனுஷனுக்கு அதைக் கண்டாலே எரிச்சல். "உங்கிட்ட சண்டை போட்டாக்கூட வாக்குமூலம் குடுக்கிற மாதிரி இருக்குடி"ம்பார். பதினோரு வருஷம் இப்படியே ஓடி, கடைசியில நெஜமாவே வாக்குமூலம் குடுத்தோம். எங்க கட்டடத்துலயே, மூணாவது மாடியில. எங்க விவாகரத்துக் கேஸை டைப் பண்ணினவ என் தோழி. ஆபீஸே அவளை ரேடியோன்னுதான் கூப்பிடும். டீ நேரத்துக்குள்ள கேன்டீன் வரைக்கும் சேதி போயிடுச்சு. தீர்ப்புல என் பேரைத் தப்பா வேற போட்டிருந்தா. அன்னைக்கு அழுதது அதுக்காகத்தான்னு இன்னைக்கும் அவகிட்ட சாதிச்சுக்கிட்டிருக்கேன்.

எம்பொண்ணுக்கு அப்ப ஒம்போது வயசு. ஜட்ஜம்மா அவளைத் தனியாக் கூப்பிட்டு, யார்கூட இருக்க ஆசைன்னு கேட்டாங்க. அம்மாகூடன்னுட்டா. அதை ஜட்ஜம்மா எங்ககிட்ட சொன்னதும் அவங்கப்பா முகம் அப்படியே தொங்கிப்போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

மூணு மாசம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், பால்கனியில உக்காந்து அவளுக்குக் கால் நகம் வெட்டிவிட்டுக்கிட்டிருந்தேன். என்னமோ நெனச்சுக்கிட்டு சொன்னா: "அம்மா, எனக்கு அப்பாகூட இருக்கத்தான் ஆசையா இருந்துச்சு. ஆனா நீ தனியா இருந்தா சாப்பிடவே மாட்ட. அப்பான்னா ஓட்டல்லயாவது சாப்பிட்டுக்குவார். அதனாலதான் உன் பேரைச் சொன்னேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பாகிட்ட சொல்லிடாத, பாவம்"னா. நெயில் கட்டரைக் கீழ வெச்சேன், விரல் ஓட ஆரம்பிச்சுடுச்சு. அவ ரெண்டு கையாலயும் என் விரலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. சின்னதுலேர்ந்து அப்படித்தான் நிறுத்துவா.

"சொல்ல மாட்டேன் குட்டி"ன்னேன்.

ஏழு வருஷம் யார்கிட்டயும் சொல்லல. ஆனா எழுதிட்டேன்.

ஊர்ல உள்ளவங்க கதையெல்லாம் கட்டுக்கட்டா டைப் பண்ணியாச்சு, நம்ம கதை மட்டும் மூணு பக்கத் தீர்ப்பா ஃபைல்ல கெடக்கேங்கிற ஆத்தாமை எனக்கு. ரெண்டு வருஷம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, டிபன் பாக்ஸை ஓரமா வெச்சுட்டு எழுதினேன். நாவல்னுதான் சொல்லணும், பதிப்பாளர் அப்படித்தான் சொன்னார். "ஆள் அடையாளத்தை மாத்திடுங்கம்மா, கேஸு கீஸுன்னு வந்துடப்போகுது"ன்னார். கேஸைப் பத்தி எனக்கா சொல்லித் தர்றீங்கன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு எல்லாத்தையும் மாத்தினேன். லிஃப்ட் கம்பெனி இன்ஜினியரா இருந்த புருஷனைப் பல் டாக்டர் ஆக்கினேன். என்னைப் பாட்டு டீச்சர் ஆக்கினேன். நான் பாடினா பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்துவாங்க. பொண்ணைப் பையனாக்கினேன்.

பேசினதை மட்டும் மாத்த வரல. அந்த நகம் வெட்டின இடத்தை நாலு விதமா மாத்தி எழுதிப் பாத்தேன். எல்லாம் சப்புன்னு இருந்துச்சு. கடைசியில அவ சொன்னதை அப்படியே போட்டேன், ஒரு எழுத்து பிசகாம. பதிப்பாளர் அந்தப் பக்கத்துல கோடு போட்டு, "இது ஒண்ணு போதும்மா, புத்தகம் நிக்கும்"னார். ஒரு வாரம் தலைகால் புரியல எனக்கு.

அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா வேண்டாம்னுடுவாளேன்னுதான் கேக்கல.

புத்தகம் வந்துச்சு. அவங்கப்பா பேப்பர்ல கடைசிப் பக்கம் தவிர எதையும் படிக்காத மனுஷன், எங்க படிக்கப்போறார்னு இருந்தேன். ரேடியோ ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவர் கையிலயே குடுத்திருக்கா. பல் டாக்டரா இருந்தா என்ன, பையனா இருந்தா என்ன, அந்தப் பக்கம் வந்ததும் இது நம்ம பொண்ணு குரல்னு தெரிஞ்சுடுச்சாம். எனக்கு ஃபோன் பண்ணல. அவளுக்குத்தான் பண்ணினார். நான் உனக்கு வேண்டாதவன்னு நெனச்சுத்தான் ஏழு வருஷமா மாசத்துக்கு ஒருதரம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனேன்னு குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கார்.

அடுத்த சனிக்கிழமை காலையில அவ துணியை எடுத்து மடிச்சுப் பெட்டியில வெச்சுக்கிட்டிருந்தா. நான் கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தேன். பதினாறு வயசுப் பொண்ணு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. அழுதிருந்தா சமாளிச்சிருப்பேன்.

"அப்பாவைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ. உன்னைப் பத்தி எழுதினதும் உன் இஷ்டம்"னா. "ஆனா அது நான் உங்கிட்ட மட்டும் சொன்னது."

"எல்லாத்தையும் மாத்தினேன் குட்டி. உன்னை யாருக்கும் தெரியக்கூடாதுன்னு பையனாவே ஆக்கிட்டேன்."

"அதை மாத்தலியே."

"மாத்தினா பொய்யாயிடுமேன்னு..."

அவ ஒரு சட்டையைக் கையில வெச்சுக்கிட்டே நின்னா. "ஜட்ஜம்மாகிட்ட நான் சொன்னது பொய்தானே. உனக்காக நான் ஒரு பொய் சொன்னேன். எனக்காக நீ ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல?"

இருபத்தியோரு வருஷத்துல எத்தனையோ பேர் கூண்டுல நின்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருக்காங்க, பதில் சொல்ல வேண்டியது யாரோதானேன்னு டைப் பண்ணிட்டு வீட்டுக்கு வந்திருக்கேன்.

அவ என் மடியைப் பாத்தா. அப்பத்தான் நானும் பாத்தேன். பத்து விரலும் ஓடிக்கிட்டிருந்துச்சு. நிறுத்தணும்னு நெனச்சேன், நிக்கல. இப்ப கையை நீட்டுவா, பிடிச்சு அமுக்குவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவ சட்டையைப் பெட்டியில போட்டு ஜிப்பை இழுத்தா. கீழ அவங்கப்பா ஹார்ன் அடிச்சார்.

"வேளாவேளைக்குச் சாப்பிடு"ன்னுட்டு, சத்தம் வராம கதவைச் சாத்திட்டுப் போனா.

அதையும் டைப் பண்ணி முடிச்சேன்.