தம்பியை விட வந்தவன்

பதினொரு வயதுவரை பாலாற்றில் மணல் வாரிவிட்டுத்தான் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். ஓரிக்கையில் எட்டாவது தேறியபோது மீசை அரும்பி முற்றிவிட்டது. அங்கே பிள்ளைகள் அண்ணா என்று கூப்பிடுவார்கள், கூச்சம் இருந்ததில்லை.

அறுபத்தேழு ஜூனில், டவுன் ஹைஸ்கூலில் ஒன்பதாம் வகுப்பு வாசலில் வெளுத்த வேட்டியோடு போய் நின்றேன். மொத்த வகுப்பும் எழுந்து, "வணக்கம் சார்!" என்றது. புத்தகப் பையைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

பின்னால் வந்த வாத்தியார், "யாருபா நீ?" என்றார்.

"தம்பிய உட வந்தேன் சார்."

"தம்பி பேரு?"

வேறு பெயர் வாயில் வரவில்லை. "அப்பாதுரை" என்று என் பெயரையே சொன்னேன்.

அவர் வருகைப் பதிவைப் புரட்டினார். "பேரு இருக்குது. பையன் எங்க?"

"வந்துக்கினு இருக்கான் சார்."

"ஜன்னலாண்ட எடம் இருக்குது. வந்ததும் அங்க உக்காரச் சொல்லு."

அந்தப் பலகையில் வெயில் விழுந்திருந்தது. போய் உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "சரிங்க சார்" என்று மணல் வண்டிக்கே திரும்பிவிட்டேன்.

அந்த வருஷம் முழுக்க, பத்து மணி வாக்கில் ஆற்றில் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, "உள்ளேன் ஐயா" என்பேன்.

"யாராண்டபா பேசிக்கினு இருக்குற?" என்று கூட வாருகிற பரமசிவம் சிரிப்பான்.