மீனுக்கு வந்த அம்மை

"சாமி வந்துருச்சு! மீனுக்குத் திருநீறு பூசிட்டுப் போயிருக்குது!" என்று அப்பா அர்த்தனாரி வாசலில் நின்று போட்ட கூச்சலில் மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டில் ஊரே திரண்டுவிட்டது. கதிர் அறுக்கப் போனவர்கள் அரிவாளோடு வந்தார்கள். வாசலில் வைத்திருந்த மிட்டாய் ஜாடியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. உள்ளே இருந்த குட்டி மீன்களின் உடம்பிலும் வாலிலும் பொடி தூவியது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் கற்பூரம் எடுத்துவர ஓடினார்.

எனக்கோ பக்தி வரவில்லை, பயம்தான் வந்தது. அவை மாதேஸ்வரன் கொடுத்த மீன்கள்.

அவர் அதே மலையில் திருப்புலி நாட்டுக்காரர். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் மலேரியா ஆபீசில் வேலை. கொசுப்புழுவைத் தின்னக் கிணறு கிணறாக மீன் விட்டுக்கொண்டு வந்தவர், எங்கள் கிணற்றுப் படியில் நின்றபோது மேலே நின்ற என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் பாதி முகத்தை மறைத்திருந்தேன். எப்போதும் அப்படித்தான். சின்ன வயதில் வந்த அம்மை என் கன்னம் முழுக்கக் குழி போட்டுவிட்டுப் போயிருந்தது. பெண் கேட்டு வந்த கூட்டமெல்லாம் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. அப்பாவிடம் ஜாடியைக் கொடுத்து, "அடுத்த மாசம் எங்க மாமனைக் கூட்டிக்கிட்டுப் பொண்ணு கேட்டு வாரேனுங்க. அதுவரைக்கும் இதுகளைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை பெருமாயி அதில் ஒரு கொக்கி போட்டாள். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் அவள் ராஜ்ஜியம்தான். "மீனு நல்லா இருந்தா நல்ல சகுனம். ஒண்ணு செத்தாலும் இந்தப் பேச்சை உட்ரோணும். நம்ம குப்புசாமி இருக்கறானே!" குப்புசாமி அவளுடைய கொழுந்தன். பெண்டாட்டியையும் பாதிப் பல்லையும் பறிகொடுத்தவன். அப்பா தலையாட்டினார். அக்காவுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜாடிக்கு முன்னால் குந்தினேன். சாமி திருநீறு பூசினால் மீன் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? இவை துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, கூழாங்கல்லில் உடம்பை உரசி உரசிப் புரண்டன. கம்பு மாவு தூவினேன், ஏறிட்டும் பார்க்கவில்லை. செவுள் மட்டும் ஓடி இளைத்தவன் மாதிரி அடித்துக்கொண்டது. அந்த உரசலைப் பார்த்ததும் என் உடம்பு கூசியது. அம்மை கண்டபோது நானும் இப்படித்தான் பாயில் முதுகைத் தேய்த்துக்கொண்டு புரண்டேன். சோற்றைக் கண்டால் குமட்டியது.

"திருநீறும் இல்ல, ஒண்ணும் இல்ல! மீனுக்கு அம்மை போட்டிருக்குது!" என்று கத்தினேன்.

கூட்டம் அப்படியே பின்வாங்கியது. கற்பூரம் கொண்டுவந்தவர் அதை மடியில் செருகிக்கொண்டார்.

"மீனுக்கு அம்மையாம்! கேட்டீங்களா கூத்தை?" என்றாள் அத்தை. "செத்தாச் செத்துட்டுப் போவுது."

"மாரியாத்தா வந்த எடத்துல அப்படிப் பேசலாமுங்களா அத்தே?"

அத்தை சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தாள் என்றால் அவளுக்கு அவ்வளவு பயம். ஆத்தாள் வந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறக் கூடாது. குப்புசாமிக்கு ஆள் அனுப்ப வழியில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

வாசலில் வேப்பிலை கட்டினேன். தை மாதப் பனியில் நோயாளியை யாராவது வெளியே போடுவார்களா? ஜாடியை அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பான மூலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மை கண்டால் ஆத்தாளுக்கு உப்பு நேர்ந்துகொள்வது வழக்கம். கோயில் வெகு தூரம். அவளை வேண்டிக்கொண்டு ஜாடியிலேயே ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். மறுநாளும் போட்டேன்.

"உப்பு ஆச்சு. மஞ்சளும் மொளகும் போட்டாக் கொழம்பே ஆயிரும்" என்று அத்தை முணுமுணுத்தாள்.

வெள்ளை இன்னும் அதிகமானது. பெரிய பெட்டை மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. அன்றைக்கு அழுதேன். மீனுக்காக அழுதேனா, குப்புசாமியை நினைத்து அழுதேனா, எனக்கே தெரியாது.

ஒரு நாள் காலையில் அடுப்பு மூட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளை உதிர்ந்திருந்தது! மாவைத் தூவினேன். பெரிய பெட்டை விருட்டென்று மேலே வந்து கவ்வியது. மற்றவை அதைத் துரத்தின. "தின்னுதுங்கப்பா! தின்னுது!" என்று நான் போட்ட கூச்சலுக்கு முன்னால் அப்பாவின் கூச்சல் எம்மாத்திரம்!

ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வேப்பிலையை எடுக்கக் கூடாது என்று அத்தை அடம்பிடித்தாள். எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கிற மீனுக்கு எந்தத் தலைக்கு ஊற்றுவது? நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே வாசலில் ஆள் அரவம் கேட்டது.

"வேப்பல கட்டியிருக்குது மாப்ள. அம்மை கண்ட ஊடு. சகுனம் சரியில்ல, திரும்பு" என்றது ஒரு குரல். மாதேஸ்வரனின் மாமன்!

"ஆமாங்க, அம்மைதானுங்க" என்று அத்தை சந்தோஷமாக வழியனுப்பவே தொடங்கிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! ஜாடியை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"அம்மை மீனுக்குத்தானுங்க! அதுவும் எறங்கிருச்சுங்க! நீங்களே பாருங்க!"

மாமன் வாய்விட்டுச் சிரித்தார். மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. குனிந்து ஒவ்வொரு மீனாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தானை தோளில் கிடந்தது. உச்சி வெயில் என் முகத்தில் நேராக விழுந்தது. முகத்தை மூட வேண்டுமென்றால் ஜாடியைக் கீழே போட வேண்டும். போட்டால் மீன் சாகும். பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அம்மைன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று மாதேஸ்வரன் கேட்டார்.

"பட்டவளுக்குத் தெரியாதுங்களா?" என்றேன், தரையைப் பார்த்தபடி.

அவர் ஜாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சும்மா இருக்குமா என் கை? பழக்க தோஷத்தில் முந்தானைக்குப் போனது.

"எதுக்கு மூடற கண்ணு? பொழச்சு வந்த மொகந்தானே?" என்றார். பிறகு திரும்பி, "வாங்க மாமா, உள்ள போலாம்" என்றார்.

அப்பா வேப்பிலையை அவிழ்த்தார். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். நான் முகத்தை மூடாமலே சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை வந்தவர்கள் வாங்கிக் குடித்தார்கள்.