ராமதாஸ் விளக்குப் போட்டுத்தான் ஓட்டினார்

புருஷன் இறந்த பன்னிரண்டாம் நாள் காலையில் நவமணி, பட்டர்வொர்த்தின் பாகான் டாலாம் பகுதியில் இருந்த நல்லமுத்துவின் பட்டறைக்கு வந்து நின்றாள். வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிற நல்லமுத்துவுக்கு அவள் புருஷன் ராமதாஸை இருபது வருஷமாகத் தெரியும். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

ஜுரு ஊருக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் ராமதாஸ் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். தேங்காய் ஏற்றிய டிரெய்லரோடு பொழுது சாய்கிற நேரத்தில் ரோட்டில் வந்தவரை, பின்னால் வந்த லோரி மோதிவிட்டது. அது 1983, பினாங்குத் தீவுக்கு இன்னும் பாலம் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, ஃபெர்ரி அக்கரை சேருமுன்பே உயிர் போய்விட்டது. டிராக்டரில் வெளிச்சமே இல்லை என்றான் லோரிக்காரன். போலீஸில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ராமதாஸ் குடித்திருப்பார் என்று சொந்தக்காரர்களே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"அவரு லைட்டு போடாம ரோட்டுல ஏற மாட்டாரு அண்ணே. நீங்க வந்து வண்டியப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்லா."

மூன்று மாதத்துக்கு முன் அந்த டிராக்டரின் வயரிங்கைப் பழுதுபார்த்தது நல்லமுத்துதான். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைச் சொல்லாமலே, கரண்ட் பார்க்கும் மீட்டரையும் ஸ்பேனர்களையும் பையில் போட்டு, ஒரு நல்ல பேட்டரியையும் தூக்கிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார்.

ஐம்பதுகளில் வந்த பழைய டீசல் டிராக்டர் அது. தோப்புக் கொட்டகையில் நின்றது. டிரெய்லர்தான் நொறுங்கியிருந்தது; டிராக்டருக்கு அவ்வளவு சேதமில்லை. முதலில் விளக்குச் சுவிட்சைப் பார்த்தார். போட்டபடியே இருந்தது. இழுத்து வந்து விட்ட நாளிலிருந்து ஒருவரும் கை வைக்கவில்லை என்றார், தோப்பைப் பார்த்துக்கொள்ளும் காஜா மொய்தீன்.

பேட்டரி செத்துக் கிடந்தது. கொண்டுவந்த பேட்டரியை வைத்து எஞ்சினைக் கிளப்பினார். சார்ஜ் காட்டும் மீட்டரின் கண்ணாடியில் தூசி அப்பியிருந்தது. துடைத்துப் பார்த்தார். முள் ஏறவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் வயர்கள் இரண்டையும் கழற்றி, டைனமோ முனைகள் இரண்டையும் சேர்த்துத் தன் மீட்டரை வைத்தார். கரண்ட் வந்தது. டைனமோவில் கோளாறு இல்லை. வயர்களைத் திரும்ப மாட்டிவிட்டு மறுகோடியில், சார்ஜை அளவாக அனுப்பும் ரெகுலேட்டர் பெட்டியில் வைத்துப் பார்த்தார். அங்கே ஒரு வயரில் ஒன்றும் வரவில்லை. நடுவில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. பேட்டரித் தட்டுக்கு அடியில் இருந்த வயர் ஒட்டின் டேப்பைப் பிரித்தார். செம்பு பச்சை பூத்து, இழைகள் தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்க வேண்டிய இடம். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்ததென்று, வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார். அடுத்த வாரம் வந்து சரியாகச் செய்கிறேன் என்று ராமதாஸிடம் சொல்லியும் இருந்தார். போகவில்லை.

சார்ஜ் ஏறாமல் பேட்டரி இறங்கினாலும் டீசல் எஞ்சின் நிற்காது. அந்தி வெளிச்சத்தில் முன்விளக்கு மங்கியதும் தெரிந்திருக்காது. முதுகுக்குப் பின்னால் விளக்கு அணைந்ததை அறியாமலேதான் அந்த மனிதர் வந்திருக்கிறார்.

பழைய வண்டி, வயர் மக்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். ராமதாஸின் பெயரும் பிழைக்கும், யாரும் மேலே கேட்கப்போவதில்லை. நல்லமுத்து எஞ்சினை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அவரு லைட்டு போட்டுத்தான் ஓட்டியிருக்காரு நவமணி. அவரு மேல தப்பே இல்ல. இந்த வயர நான்தான் சேத்தேன். ஒழுங்கா சேக்கல."

அவள் அழவில்லை. தட்டுக்கு அடியில் குனிந்து அந்த ஒட்டையே வெகுநேரம் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"பயந்துகிட்டுதான் வந்தேன்."

"இத போலீஸ்லயும் சொல்லணும் அண்ணே."

அன்று மதியமே பட்டர்வொர்த் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். எழுதிக்கொண்ட சலேஹா என்ற பெண் போலீஸ், இதனால் உங்கள் மேல் விசாரணை வரலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்று மலாய் மொழியில் சொன்னார். எழுதுங்கள் என்றார் நல்லமுத்து. விளக்குச் சுவிட்ச் போட்டிருந்தது என்ற வரியை மட்டும் நவமணி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் அவரை வரச் சொல்லியிருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த கூடாரத்தில் நல்லமுத்து எழுந்து நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ராமதாஸின் தம்பி கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். நவமணி நடுவில் வந்து நின்றாள். குடித்திருப்பார் என்று பேசியவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள்.

அவரை வாசல்வரை அவளே கொண்டுவந்து விட்டாள்.

"சொன்னதுக்கு நான் நன்றி மறக்க மாட்டேன் அண்ணே. ஆனா இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க. உங்க முகத்தப் பாத்துகிட்டு என்னால இருக்க முடியாது."

நல்லமுத்து தலையாட்டினார். குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெயிலில் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்.