காலி மைதானம்

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கித் துடைத்து வைப்பது நம்மவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. வருவது இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். டில்லி கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்காரர்கள் அப்படித்தான் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளப் பார்த்தார்கள்.

ஏஷியாட் விளையாட்டுப் போட்டி நெருங்க நெருங்க டில்லியில் திரும்பிய இடமெல்லாம் கட்டிடம். குவார்ட்டர்ஸுக்குக் காத்திருப்பவர்களும் மனிதர்கள்தானே, வீடு கட்டத்தான் வேண்டும். ஆனால் காலனிக்கு நடுவில் இருக்கும் மைதானத்தில் வேண்டாம், ரோட்டோர வரிசையில் எங்கள் தலைக்கு மேலேயே இன்னொரு மாடி போடுங்கள் என்று காலனியே கேட்டிருந்தது. ருக்மிணிக்கு ஒற்றை அறை வீடு, உள்ளே ஐந்து பேர். மைதானம்தான் அவளுடைய இரண்டாவது அறை. அது போனால் மூச்சு முட்டியே செத்துப்போவோம் என்று பயந்துகிடந்தாள்.

எங்கே கட்டலாம் என்று பார்க்க அரசாங்க இன்ஜினீயர் வர்மா ஞாயிற்றுக்கிழமை வந்தார். காலனிச் செயலாளர் வேதாந்தம் அதற்குள் கயிற்றுக் கட்டில், துணிக்கொடி, கிரிக்கெட் ஸ்டம்பு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, பிள்ளைகளையும் வீட்டுக்குள் அடைத்து, மைதானத்தைப் பளிச்சென்று வைத்திருந்தார்.

"ஏ தோ பில்குல் காலி ஹை," இடம் முழுக்கக் காலி என்று சொல்லிக்கொண்டே வர்மா எழுதிக்கொண்டார்.

வேதாந்தம் அதைப் பாராட்டு என்று நினைத்துப் பூரித்து, அவரைக் காபிக்கு அழைத்துப் போனார். ஜன்னலில் நின்று கேட்ட ருக்மிணிக்கு விபரீதம் புரிந்துவிட்டது. காலி என்று எழுதிவிட்டால் மைதானமே காலி! ஓடினாள். ஒரு கதவு விடாமல் தட்டினாள்.

"எல்லாத்தையும் வெளியில கொண்டு வாங்கோ, ஜல்தி!"

அடேயப்பா, அப்புறம் பார்க்க வேண்டுமே! கட்டில்கள் பறந்து வந்தன. கொடிகளில் புடவைகள் ஏறின. பஞ்சாபி மாமி ஊறுகாய் ஜாடிகளை வெயிலில் பரப்பினாள். அடைபட்டிருந்த பிள்ளைகள் மடை திறந்த மாதிரி பாய்ந்துவந்து ஸ்டம்பை நட்டார்கள். எதிர்வீட்டுப் பட்டாபி பாதிச் சவர முகத்தோடு நாற்காலியும் கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்தார். தையல் மெஷினை இழுத்துவந்த ருக்மிணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

காபி குடித்துவிட்டுத் திரும்பிய வர்மா திகைத்து நின்றார். கால் வைக்க இடமில்லை.

"ரோஜ் ஐஸா ஹீ ஹை, பையா," என்றாள் ருக்மிணி. தினமும் இப்படித்தான் அண்ணா, இன்றைக்கு நீங்கள் வருவதாக இருந்ததால்தான் பெருக்கி வைத்தோம் என்று தெரிந்த ஹிந்தியில் உள்ளதைச் சொன்னாள்.

வர்மா வயிறு குலுங்கச் சிரித்தார். எழுதிய 'காலி'யை அடித்தார். மாடியே போடலாம் என்று சிபாரிசு எழுதுவதாகச் சொல்லி, உட்கார ஓர் இடம் தேடினார். மைதானத்தில் எங்கும் இல்லை. நின்றுகொண்டே எழுதினார்.