செத்தவன் சில்லு

குச்சி முனையிலிருந்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள் ஐலா. போர்வையின் மேல் கிடந்த கைப்பேசி துடித்தது. காலையிலிருந்து மகளுக்காக ஒருமுறைகூடத் திறக்காத கண்கள் அதற்குத் திறந்தன.

"படி."

"முதல்ல வாயை நனைச்சுக்குங்கப்பா."

"படிம்மா."

படித்தாள். சீட்டாட்டக் குழுவில் அனுப்பியவர் அப்பாவின் கூட்டாளி ஓரெஸ்ட். 'நான் போயிட்டேன். முதல் ஆளா. சிரிக்காதீங்க. இனிமே நான்தான் செய்தி வாசிக்கிறவன். மார்செல் ஜோரா இருக்கான்.'

அப்பா ரெய்னோ சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, மூக்குக் குழாயைச் சரிசெய்து அவரைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. முப்பத்தைந்து வருடம் நிக்கல் சுரங்கத்தின் தூசியைத் தின்ற நுரையீரல். மிச்சமிருந்த கொஞ்சத்தையும் இந்தச் சிரிப்புக்குத்தான் செலவு செய்கிறார்.

"செத்தவன் சில்லு எப்படி இருக்காம்?"

"அதைப் பத்தி ஒண்ணும் போடலை."

"கேளு."

யூனியன் ஹாலில் அன்று சீசனின் கடைசி ஆட்டம். குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைதோறும் பீர்க் கடையில் போக்கர் ஆடிப் புள்ளி சேர்த்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே நாற்காலி. ஜெயிப்பவனுக்கு நயாகராவில் நடக்கும் பெரிய போட்டியில் ஓர் இடம். ரெய்னோவும் ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு போய்ப் புள்ளி சேர்த்திருந்தார். ஆள் வராவிட்டாலும் பந்தயம் வைப்பதற்கான அவருடைய சில்லுகளை அவர் இடத்தில் அடுக்கி வைப்பார்கள். சீட்டுப் போடுவார்கள். அவர் முறை வந்ததும் யாரும் பார்க்காமல் அந்தச் சீட்டைத் தூக்கி எறிவார்கள். சுற்றுக்குச் சுற்று கட்டாயமாக வைக்க வேண்டியது மட்டும் அடுக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும், கரைந்து தீரும்வரை. அதற்குப் பெயர்தான் செத்தவன் சில்லு. குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்கு ஓடியவனுடையதும் செத்தவன் சில்லுதான். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. சில்லு தீர்ந்து ஆட்டத்தை விட்டு வெளியேறினவனைப் 'போயிட்டான்' என்பார்கள்.

ஐலா கேட்டாள். ஓரெஸ்ட் உடனே பதில் போட்டார். 'கரையுது, ஆனா இருக்கு. இப்பதான் உங்கப்பன் நாற்காலிக்கு ரெண்டு ஏஸ் வந்துச்சு. தூக்கி எறியறப்போ ஒண்ணு திரும்பி விழுந்துடுச்சு, எடுத்துப் பாத்தா அடியில இன்னொண்ணு. மார்செல் அழாத குறை.'

"ஜோடி ஏஸ்." ரெய்னோ கூரையைப் பார்த்தார். "அதைவிடப் பெரிய கை கிடையாது. சீசன் பூரா எனக்கு வரலை. இப்ப வருது, தேவடியாச் சீட்டு."

செவிலி ஜோசியான் வந்து நாடி பார்த்துவிட்டு, ஐலாவைக் கண்ணால் வெளியே அழைத்தாள். டாக்டர் காலையில் சொன்னதையே நடைபாதையில் நின்று மறுபடி சொன்னாள். இன்று தாண்டாது. கூப்பிட வேண்டியவர்கள் இருந்தால் இப்போதே கூப்பிட்டுவிடு.

கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அம்மா போய்விட்டாள். அண்ணன் தம்பி என்று யாருமில்லை. ஐலாவே தண்டர் பே நகரத்தில் மரம் ஏற்றும் லாரியை நிறுத்திவிட்டு வந்தவள். வந்ததிலிருந்து லாரி எப்படி ஓடுகிறது, மகன் என்ன செய்கிறான் என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்செல் எங்கே, மார்செல் வந்தானா, இதுதான். ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி, ஒரே துளைப்பானின் இரண்டு பக்கமும் பிடித்து வேலை செய்தவர்கள். மார்செல் முகத்தைப் பார்க்கத்தான் அப்பா மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஐலா உறுதியாக நம்பினாள். நேற்றே வருவதாகச் சொன்ன மனிதர் வரவில்லை.

ஆட்ட இடைவேளையில் ஐலா கூப்பிட்டபோது மார்செல் தொலைபேசியை எடுத்தார். பின்னால் ஹாலின் இரைச்சல்.

"மாமா, இன்னிக்குத் தாண்டாதுன்னு சொல்லிட்டாங்க."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க கண்ணு. கோடையிலயும் இதையேதான் சொன்னாங்க. அப்புறம் மீன் பிடிக்க வந்தான்."

"இந்தத் தடவை அப்படியில்ல. வந்துட்டுப் போங்க. நீங்க இல்லாட்டியும் உங்க நாற்காலிக்குச் சீட்டுப் போடுவாங்கதானே?"

"நல்ல நிலைமையில இருக்கேம்மா. இந்த வயசுல இப்படி ஒரு சான்ஸ் இனிமே வராது." குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆஸ்பத்திரி வாசனையே எனக்கு ஆகாது. தோத்தேன்னா அந்த நிமிஷமே வண்டிய எடுக்கறேன். சத்தியமா."

"அப்ப தோத்துடுங்க."

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

"ஓரெஸ்ட் மாமாவையாவது அனுப்புங்க. அவருதான் வெளிய வந்துட்டாரே."

தொலைபேசி கை மாறியது. ஓரெஸ்ட் சொன்னார்: "நான் வந்துட்டா உங்கப்பனுக்கு யாரும்மா செய்தி சொல்றது?"

அதற்குப் பிறகு அந்த அறையில் இரண்டு பேர் ஒரே ஆட்டத்தைப் பின்தொடர்ந்தார்கள். ஒருவர் மார்செல் ஜெயிக்க வேண்டும் என்று. ஒருத்தி அவர் தோற்றுத் தொலைய வேண்டும் என்று. கைப்பேசி துடிக்கும்போதெல்லாம் அவள் முந்திக்கொண்டு பார்த்தாள். 'மார்செலுக்குப் பலத்த அடி, பாதி போச்சு' என்று வந்தபோது அவளுக்கு நெஞ்சு லேசானது. அதைப் படித்துச் சொன்னதும் அப்பாவின் விரல்கள் போர்வையைப் பிசைந்தன. 'லாம்பர்ட் போயிட்டான்.' 'பெரிய ஸ்டீவ் போயிட்டான், பொண்டாட்டிக்குப் போன் பண்ணி அழறான்.' 'சின்ன ஸ்டீவும் போயிட்டான்.' குழுவில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் நேராக பீர் வாங்கப் போனார்கள். மார்செல் மட்டும் போகவில்லை.

ரெய்னோவின் மூச்சு மாறியது. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. ஜோசியான் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு போனாள்.

கைப்பேசி துடித்தது. 'மார்செல் மொத்தச் சில்லையும் பந்தயத்துல தள்ளினான். ஜெயிச்சுட்டான். இப்ப அவன்தான் முன்னாடி.'

"என்னவாம்?" அப்பாவின் குரல் உதட்டைத் தாண்டவில்லை.

ஐலா திரையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மார்செல் மாமா போயிட்டாருப்பா. கிளம்பிட்டாராம். வந்துட்டிருக்காரு."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. புருவம் நெரிந்தது.

"எந்தச் சீட்டை வச்சு மொத்தத்தையும் தள்ளினான்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் யோசித்திருக்கவில்லை. சாகக் கிடக்கும் யார் இதைக் கேட்பார்கள்?

"ஜாக்கும் நாலும்."

"ஜாக்கும் நாலுமா? குப்பைச் சீட்டு. யாருக்கு எதிரா?"

"டொனேலி." குழுவில் அடிக்கடி பார்த்த பெயர் அது.

"டொனேலி கையில ராஜா இல்லாம காசை வைக்க மாட்டான். அது இவனுக்குத் தெரியும். நாய்க்குக்கூடத் தெரியும்." மூச்சுக்காக நிறுத்தினார். கண் முழுதாகத் திறந்திருந்தது. "வேணும்னே தோத்திருக்கான்."

"இல்லப்பா, அப்படியெல்லாம் இல்ல..."

"எனக்காக. பாவம் பாத்து." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மார்பு எக்கியது. "இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு கை விட்டுக் குடுத்ததில்ல அவன். நானும் குடுத்ததில்ல. இப்பப் பிச்சை போட வர்றானா?"

"அப்பா, நான் பொய் சொன்னேன். அவரு போகலை. அவருதான் முன்னாடி இருக்காரு. இதோ பாருங்க, ஓரெஸ்ட் மாமா எழுதியிருக்காரு பாருங்க." கைப்பேசியை அவர் கண்ணெதிரே பிடித்தாள். 

அவர் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுக்குத் திருப்ப அவரிடம் பலம் இருந்தது.

"வந்தா, நான் தூங்கறேன்னு சொல்லு."

 ஐலா கட்டிலைச் சுற்றிப் போய்ச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றாள். அப்பா, பொய்ப்பா, அப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காதில் விழுந்ததா, விழுந்தும் நம்பவில்லையா, தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே உருக்காலைப் புகைபோக்கியின் மேல் வெளிச்சம் மங்கும்போது மூச்சு ஒருமுறை இழுத்து நின்றது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். ஜோசியான் வந்து குழாயை எடுத்தாள். அதன்பிறகுதான் வராது என்று புரிந்தது.

சுவர்ப்பக்கம் இருந்த முகத்தை ஜோசியான் நேராக்கி வைத்தாள். "வேற யாருக்காவது சொல்லணுமா?"

ஐலா கைப்பேசியை எடுத்துக் குழுவில் எழுதினாள். 'அப்பா போயிட்டாரு.'

பதில் உடனே வந்தது.

'யாரும்மா சொன்னா? போகலையே! இன்னும் இருக்காரு. சில்லு கொஞ்சம்தான், ஆனா கடைசி மேஜைக்கே வந்துட்டாரு!' இது ஓரெஸ்ட். கீழே இரண்டு ஸ்டீவ்களும் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். லாம்பர்ட் எழுதினான்: 'ஆளில்லாமலே என்னை ஜெயிச்சுட்டான் கிழவன். வீட்டுக்குப் போய் என்னத்த சொல்வேன்?' கொஞ்ச நேரத்தில் மார்செலே எழுதினார். 'இன்னொருத்தனைத் தூக்கிட்டேன். ரெய்னோவுக்கு ஒரு படி ஏத்தம். அவன்கிட்ட சொல்லு கண்ணு, அவனுக்காகத்தான் ஆடறேன்.'

அவள் திருத்தி எழுதவில்லை. அப்பாவின் கடிகாரத்தையும் கண்ணாடியையும் பல்செட்டையும் ஜோசியான் கொடுத்த பையில் போட்டாள். இறுதிச் சடங்குக்காரர்கள் கோட்டும் சட்டையும் கேட்பார்கள். வீட்டுக்குப் போய் எடுத்து வர வேண்டும். பை நிறைவதற்குள் கைப்பேசி மறுபடி துடித்தது. 'ரெய்னோ நாலாவது இடம்! செத்தவன் சில்லு இவ்வளவு தூரம் போனதே கிடையாது. ஹாலே எழுந்து நின்னு காலி நாற்காலிக்குக் கை தட்டுது.' படம் ஒன்றும் இருந்தது. திறக்காமல் கைப்பேசியைப் பையில் போட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் அவரை இங்கயே வச்சிருப்பீங்கதானே?"

"இங்கதான் இருப்பாரு. கதவைச் சாத்தி வைக்கிறேன்," என்றாள் ஜோசியான்.

வண்டி நிறுத்துமிடத்தில் காற்று முகத்தைக் கிழித்தது. பகல் முழுக்க நின்றதில் வண்டியின் கண்ணாடி மேல் பனி இறுகிக் கிடந்தது. இயந்திரத்தை ஓடவிட்டு, சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாதிக் கண்ணாடி சுரண்டியிருப்பாள், மார்செலின் வண்டி விளக்கை அடித்துக்கொண்டு உள்ளே திரும்பியது. கோணலாக நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினார். மறுபக்கம் ஓரெஸ்ட் தன் கெட்டுப்போன காலை முதலில் வெளியே நீட்டி இறங்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது!" மார்செல் அங்கிருந்தே கத்தினார். கழுத்துத் துணி அவிழ்ந்து தொங்கியது. முகம் சிவந்திருந்தது. "கடைசிச் சீட்டுல கவுத்துட்டான் டொனேலிப் பய. பரவால்ல விடு. நாங்க ரெண்டு பேரும் கடைசி நாலுல! அவன் மூஞ்சியப் பாக்கணும் எனக்கு. முழிச்சிருக்கானா?"

ஐலா சுரண்டினாள். பனி சத்தத்தோடு பெயர்ந்தது.

"முழிச்சிருக்கானான்னேன்!"

அவள் நிமிரவில்லை. சத்தத்தில் காது கேட்கவில்லை போல என்று நினைத்து அவர் கையை ஆட்டிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். வழுக்கும் தரையில் கிழவனுக்கு ஓட முடியவில்லை. ஓடுவது மாதிரி நடந்தார். ஓரெஸ்ட், "இருடா, நானும் வர்றேன்" என்று பின்னால் நொண்டினார். தானியங்கிக் கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சம் பனியில் விழுந்தது. கதவு மூடியது.

ஓட்டுபவர் பக்கக் கண்ணாடி சுத்தமாகிவிட்டது. கிளம்ப அது போதும். அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அந்தக் கண்ணாடியையும் மேலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள்.