பாதி கத்தரித்த ஆடு

"நாந்தான் ஆட்டோட பின்னங்காலப் புடிச்சிக்கிட்டிருந்தேன். ஒரு பக்கம் முடிச்சிட்டாரு. மறுபக்கம் திருப்பணும்னு நிமிந்தாரு. அப்படியே நெஞ்சப் புடிச்சிக்கிட்டாரு..."

ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு தெரேஸ் சொன்னாள். எத்தனையாவது முறை என்று அவளுக்கே தெரியாது. உள்ளே அவள் கணவர் தனியேல், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற மறந்தாலும் மறப்பார்கள், இதைக் கேட்க மட்டும் மறக்க மாட்டார்கள்: பக்கத்தில் யார் இருந்தது, தண்ணீர் குடித்தாரா, கடைசியாக என்ன சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் அது வெறும் தலையாட்டலாகத்தான் தொடங்கியது. தனியேலின் தங்கை விர்ஜினி ஓடி வந்து, "அண்ணி, பக்கத்துல இருந்தீங்கள்ல?" என்று கேட்டாள். தெரேஸ் தலையை ஆட்டிவிட்டாள். மதியத்துக்குள் தனியேல் "தெரேஸ்" என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தார். சனிக்கிழமை பங்குச் சாமியார் வந்தபோது "யேசுவே" என்றும் சொல்லிவிட்டார். உயிரோடு இருந்தவரை வாயைத் திறக்காத மனிதர் செத்த பிறகு வேளைக்கு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிக்கொண்டிருந்தார்.

உண்மையில் அவர் சாகும்போது தெரேஸ் அங்கே இல்லை.

தனியேல் பதினைந்து வருஷம் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அங்கே ஏதோ ஒரு மலையடிவாரத்தில் செம்மறி ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பதைப் பார்த்தாராம். அந்த ஆசை ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. கொடைக்கானல் பக்கத்திலிருந்து கம்பளி ஆடுகளை லாரியில் கொண்டு வந்து, கோவில்பத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டார். காரைக்காலே சிரித்தது. கரண்ட் போய் மின்விசிறி நின்றால் அரசாங்கத்தைச் சபிக்கிற ஊரில் கம்பளி யாருக்கு வேண்டும்? அதிகம் சிரித்தது தெரேஸ்தான். ஆனாலும் ஒவ்வொரு மாசி மாதமும், வெயில் ஏறுமுன், வைதுகொண்டே வந்து ஆட்டின் காலைப் பிடித்தவளும் அவள்தான்.

இந்த வருஷமும் ஒரு வாரமாக ஏற்பாடு நடந்தது. கொட்டகையைக் கூட்டி, புது வைக்கோல் பரப்பினார். கடலோரப் பனி ரோமத்தை ஈரமாக்கிவிடும் என்று புதன்கிழமையிலிருந்து ஆடுகளை வெளியே விடவில்லை. வியாழக்கிழமை மாலையோடு தீனியையும் நிறுத்தினார். வயிறு நிறைந்த ஆட்டைப் படுக்கப் போட்டால் மூச்சு முட்டும். பெரிய கத்தரியைச் சாணைக்கல்லில் தீட்டித் தேங்காய் எண்ணெய் பூசினார். சனிக்கிழமை பதினான்கு ஆட்டையும் முடித்துவிடுவது என்று திட்டம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒரே ஒரு ஆட்டில் கத்தரியைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டார்.

"ஒரு பத்து நிமிசம் வந்து புடி தெரேஸ்."

"தபசுகாலத்துல வெள்ளிக்கிழமப் பூசய விட்டுட்டு ஒங்க ஆட்டுக் காலப் புடிக்கணுமா? கம்பத்துல கட்டிப் போட்டு வெட்டுங்க."

அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டுவிட்டாள்.

பூசை ஆறே முக்காலுக்கு முடிந்தது. அத்தோடு வந்திருக்கலாம். தபசுகால வெள்ளிகளில் அதைத் தொடர்ந்து நடக்கும் சிலுவைப்பாதைச் செபத்துக்கும் நின்றாள். அதுவும் முடிந்து, கோயில் வாசலில் யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டு நின்றாள். பேச ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போவதற்குள் ஆட்டு வேலை முடிந்துவிடட்டும் என்று நேரத்தைப் போக்கினாள், அவ்வளவுதான். எட்டு மணிக்குப் பின்கட்டுக் கதவைத் திறந்தபோது, மண்டபத்தூர் மீன்காரி காசியம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தனியேலின் தலை இருந்தது. பக்கத்தில், ஒரு பக்கம் மழித்தும் மறுபக்கம் பொதி பொதியாகவும் ஓர் ஆடு நின்று அவர் சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தது.

தெரேஸின் அலறலில்தான் அக்கம்பக்கம் கூடியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்தில் காசியம்மா எப்போது கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிறு விடியற்காலை மகன் மக்சிம் பாரிஸிலிருந்து வந்து சேர்ந்தான். பெட்டியைக்கூட இறக்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அழுது முடித்ததும் அவனும் அதையேதான் கேட்டான்.

"கஷ்டப்பட்டாராம்மா?"

"இல்லப்பா. நாந்தான் புடிச்சிக்கிட்டிருந்தேன்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணை உயர்த்தினாள். வாசல் நிலையருகே காசியம்மா நின்றிருந்தாள். கூடை இல்லாமல், துவைத்த சேலை கட்டி வந்திருந்தாள். தெரேஸ் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். மகன் முன்னால், நாத்தனார் முன்னால், இவ்வளவு ஜனங்கள் முன்னால், இந்தப் பெண் ஒரு வரி சொன்னால் போதும்.

விர்ஜினி திரும்பிப் பார்த்தாள். "காசியம்மா, வெள்ளிக்கெழம மீன் கொண்டாந்தியே, நீ அண்ணனப் பாத்தியா?"

காசியம்மா ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். பிறகு தெரேஸைப் பார்த்தாள்.

"நான் வரப்போ எல்லாம் முடிஞ்சி போச்சுங்க. அம்மாதான் கூட இருந்தாங்க."

சொல்லிவிட்டுப் பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தெரேஸுக்கு அப்போதுதான் வாய்விட்டு அழுகை வந்தது. இரண்டு நாளாக இந்த அம்மாள் ஏன் கல்லாக இருக்கிறாள் என்று கவலைப்பட்ட உறவுக்காரர்கள், மகனைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

பின்கட்டில் ஆடுகள் விடாமல் கத்தின. யாரோ இரண்டு பேர் அந்தப் பாதி ஆட்டைப் பார்த்துவிட்டு வந்து, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். "அத கண்ணுல படாம எங்கயாச்சும் கட்டுங்கப்பா," என்றாள் விர்ஜினி. மக்சிம்தான் போய்க் கட்டிவிட்டு வந்தான். தருமபுரத்து ஆட்டு வியாபாரி கபீரிடம் சொல்லி அடுத்த வாரம் ஆள் பிடித்து எல்லா ஆட்டுக்கும் ரோமம் எடுத்துவிடலாம் என்று அம்மாவின் காதில் சொன்னான். அவள் சரி என்றாள்.

நாலு மணிக்குச் சவப்பெட்டியை மூடினார்கள். கல்லறையில் வெயில் தணியவே இல்லை. சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்தார். மக்சிம் முதல் பிடி மண் போட்டான். தெரேஸும் போட்டாள்.

வீடு திரும்பிக் குளித்ததும் கூட்டம் கலைந்தது. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. தெரேஸ் பின்கட்டுக்குப் போனாள். காசியம்மா அங்கே ஆடுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இதுங்கள யாரும் கவனிக்கலம்மா. அதான்."

தெரேஸ் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன் காசியம்மா. பெத்த புள்ளகிட்டயும் சொன்னேன்."

"விடுங்கம்மா. யாருக்கு என்ன கெட்டுப் போச்சு."

"எனக்கு ஒண்ணு தெரியணும். நீதான மடியில வச்சிருந்த. என்ன சொன்னாரு? என்னத் திட்டியிருந்தாலும் சொல்லு. மறைக்காத."

காசியம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"திட்டலம்மா. நான் வரப்போ ஒரு பக்கம் வெட்டி முடிச்சிட்டு நின்னாங்க. மூஞ்செல்லாம் வேர்த்து ஊத்துது. கூடய எறக்கிட்டு, 'காட்டுங்கய்யா, நான் புடிக்கிறேன், முடிச்சிருவோம்'னேன். 'ஒன் கையில மீன் கவிச்சி, அது துள்ளும். அம்மா வரட்டும். அவ புடிச்சாத்தான் இது அடங்கும்'னாங்க. அங்க கெடந்த தீனிக் கூடயக் கவுத்துப் போட்டு ஒக்காந்துட்டாங்க."

"எத்தன மணி இருக்கும்?"

"ஏழு, ஏழே கால் இருக்கும்மா. 'பூச இந்நேரம் முடிஞ்சிருக்கும், வந்துருவா'ன்னாங்க. ரெண்டு தடவ கதவுப் பக்கம் எட்டிப் பாத்தாங்க. பெறவு தண்ணி கேட்டாங்க. குடுத்தேன், குடிச்சாங்க. அப்பறம் அப்படியே எம் மடியில சாஞ்சிட்டாங்க, ஆளக் கூப்புடறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்கம்மா."

தெரேஸ் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கம்பத்திலிருந்த பாதி ஆட்டை அவிழ்த்தாள். குளித்துக் கட்டிய சேலையோடு வைக்கோலில் முழங்காலிட்டு, மழித்த பக்கம் கீழே இருக்கும்படி அதைப் படுக்க வைத்தாள். ஆடு ஒருமுறை உதறியது. பின்னங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்ததும் அடங்கிவிட்டது.

"அம்மா, இப்ப யாரும்மா வெட்டப் போறாங்க? விட்டுட்டு எந்திரிங்க."

உள்ளேயிருந்து மக்சிம், காப்பி ஆறுகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டான். அவள் பிடியை விடவில்லை.